கணவாயில் கட்டிய எருமை

“ஐஸ் விழப் போவுதாம்! நெசமான ஐஸ்! புல்லு மேல, மரத்து மேல!” என்று லோவான் அக்கா சைக்கிளை அப்படியே வழியில் சாய்த்துவிட்டுக் கைதட்டினாள். வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்குகிறது, விடிவதற்குள் காவ் பாங் மலைகளின் உச்சியெல்லாம் உறைந்துவிடும் என்று அவள் கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. தெற்கே வெயில் நகரமான சைகோனில் பிறந்து சைகோனிலேயே ஐம்பதைத் தாண்டியவள். ஐஸ் என்றால் அவளுக்குக் காப்பிக் குவளையில் மிதப்பது மட்டும்தான்.

அவள் கணவர் ஊத் அண்ணன் கையுறையைக் கழற்றிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணமாகி ஆறு மாதமான குயெனும் அவள் புருஷனும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். நான்கு பேர், நான்கு சைக்கிள், மூன்று நாள் பயணம். இரண்டு நாள் பள்ளத்தாக்கில் மிதித்துவிட்டு மூன்றாம் நாள் கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி வழிகாட்டியின் வீட்டில் சாப்பாடு, தூக்கம். அதுதான் ஏற்பாடு.

வழிகாட்டி கியெம் மட்டும் கைதட்டவில்லை. குயெனின் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தவனுக்கு, விரல்கள் கிரீஸோடு அப்படியே நின்றுவிட்டன.

“என்ன தம்பி, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? பயந்துட்டியா?” என்றாள் லோவான்.

“ஒண்ணுமில்லக்கா. குளிரு” என்றான்.

குளிர்தான். ஆனால் அவன் உடம்பின் குளிர் இல்லை. கணவாயின் மேலே, திறந்த புல்வெளியில், அவனுடைய எருமை கட்டிக் கிடந்தது. இரட்டைச்சுழி என்று பெயர். தோளில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக இரண்டு சுழி. தலையீற்றுச் சினை, புத்தாண்டு கழிந்து கன்று போட வேண்டும்.

இந்தப் பக்கத்து மலைகளில் எவனும் எருமையை மேலே கட்டமாட்டான். அறுப்பு முடிந்ததும் அவிழ்த்து மலைக்கு விரட்டிவிடுவார்கள். அவை பாட்டுக்கு மேயும், காட்டுக்குள் படுக்கும். குளிர் வருகிறது என்றால் வானிலை அறிவிப்புக்கு முன்னால் எருமைக்குத் தெரிந்துவிடும். மூத்த எருமை முன்னால் நடக்க, மற்றவை வரிசையாக ஊருக்கு இறங்கிவிடும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். கியெமுக்கு மட்டும் வழிகாட்டி வேலைக்குப் போனதிலிருந்து மூளை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தது. சினை எருமை காட்டுக்குள் தொலைந்து கன்று போட்டால் என்ன செய்வது? தனியாக ஒருநாள் மலையேறித் தேடி ஓட்டி வருவதா? பயணத்தின் மூன்றாம் நாள் எப்படியும் அந்தக் கணவாய் வழியாகத்தானே வரப் போகிறோம். அங்கேயே ஓடைக்குப் பக்கத்தில் நீளக் கயிற்றில் கட்டிப்போட்டால், விருந்தாளிகளோடு எருமையையும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். போதாததற்கு, விருந்தாளிகளுக்குப் படம் பிடிக்க ஒரு எருமையும் ஆயிற்று. புறப்படும் முன்பு போய்க் கட்டிவிட்டு வந்தான். அன்று நல்ல வெயில்.

ஊரோடு ஒத்து வாழாதவனுக்கு ஊர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வானமே செய்துவிடும்.

அன்று மாலை மலையடிவாரத்தில் சான் மாமா வீட்டில் தங்கினார்கள். அடுப்பைச் சுற்றி எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது கியெமின் கைப்பேசி அடித்தது. மனைவி லீம். வாசலுக்கு வந்து பேசினான். மூடுபனி வாசல்வரை வந்திருந்தது.

“பான் அப்பா, ஊர்ல எல்லாரு எருமையும் தானா எறங்கி வந்துடுச்சு. நம்மளுது மட்டும் காணோம். உப்புச் சட்டியத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். காட்டுல எங்கயாச்சும் மாட்டிக்கிச்சா?” பான் அவர்களுடைய மகன். அவன் பிறந்த நாளிலிருந்து கியெம் அவளுக்குப் பான் அப்பாதான்.

கியெம் மூடுபனிக்குள் மலை இருந்த பக்கம் பார்த்தான்.

“கேக்குதா?”

“கேக்குது. அவள நான் கட்டிப் போட்டிருக்கேன்.”

“எங்க?”

“மேல. கணவாய்ப் புல்வெளியில.”

லீமின் குரல் உயர்ந்தது.

“மேலயா? எதுக்கு? எந்தக் கிறுக்கன் மலை மேல எருமையக் கட்டுவான்?”

“வர்ற வழியில ஓட்டிட்டு வந்துடலாம்னு…”

“அடேயப்பா, என்னா மூளை! ஒன் மூளைய உப்புப் போட்டு ஊறுகாதான் போடணும். வயித்துல புள்ளையோட இருக்கறவ. அவள அவுத்து வுட்டிருந்தா இந்நேரம் எங்கிட்ட வந்து நின்னிருப்பா. தெரியுமா ஒனக்கு? வாசல்ல வந்து நின்னிருப்பா!”

“தெரியும்.”

“விடிஞ்சதும் நான் போறேன்.”

“வேணாம் லீம். அந்தப் பக்கம் பாறை வழுக்கும். ஐஸு புடிச்சா கண்ணாடி மாதிரி இருக்கும். நான் நாளைக்கு எப்படியும்—”

தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு எத்தனை முறை போட்டாலும் கிடைக்கவில்லை. பனி வந்தால் இந்த மலையில் முதலில் சாவது கைப்பேசிதான்.

உள்ளே வந்து சான் மாமாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். “மாமா, யாராவது இப்ப மேல போக முடியுமா?”

சான் மாமா விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: “என் எருமை ரெண்டும் கொட்டகையில நடுங்கிட்டு நிக்குது. சாக்கப் போத்தி, நெருப்புப் போட்டு, நானும் எம் பொண்டாட்டியும் மாறி மாறிக் காவல். பையனுங்க எல்லாம் கீழ்நாட்டுத் தொழிற்சாலையில கெடக்கானுங்க. யாரப்பா போவா? இந்த இருட்டுல, இந்தப் பனியில, நீயும் போவாத. எருமைக்கு ஒரு உசுருதான், ஒனக்கும் ஒண்ணுதான்.”

அலுவலகத்துக்குப் பேசினான், சான் மாமா வீட்டுக் கம்பி வழித் தொலைபேசி மட்டும் உயிரோடு இருந்தது. மேலாளர் உற்சாகமாக இருந்தார். “விருந்தாளிங்க ஐஸ் பாக்கணும்னு குதிக்கறாங்களாமே! நல்லது, கூட்டிட்டுப் போ. ஆனா ஒரு அடி கூட அவங்கள விட்டு நகரக் கூடாது. போன வருஷம் மூடுபனியில ஒருத்தர் தொலைஞ்சு நாம பட்ட பாடு ஞாபகம் இருக்கட்டும்.” கியெம் தன் எருமையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். மேலாளர் வைத்துவிட்டார்.

அடுப்புப் பக்கம் திரும்பி வந்தபோது லோவான் அக்கா அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். “தம்பி, மொத நாள் சொன்னியே எருமைக் கத, அத இன்னொரு தரம் சொல்லு. இவரு அன்னிக்குத் தூங்கிட்டாரு, கேக்கல.”

அது எல்லாப் பயணத்திலும் அவன் சொல்லும் கதை. உழவுக் காலத்தில் எருமையைத் திட்டுகிறோம், அடிக்கிறோம். பயந்துபோய் அதன் உயிர் உடம்பை விட்டு ஓடிவிடுகிறது. அதனால் ஆறாம் மாதம் ஒருநாள் எருமைக்கு ஓய்வு கொடுத்து, குளிப்பாட்டி, இலையில் ஒட்டரிசிச் சோறு ஊட்டி, ஓடிப்போன உயிரை வீட்டுக்குக் கூப்பிடுகிறோம். கூப்பிடும் பாட்டை ராகத்தோடு சொல்லிக் காட்டுவான், எருமை மாதிரி தலையை ஆட்டுவான், எல்லோரும் கைதட்டுவார்கள். இந்த ஆறாம் மாதம் அவன் விருந்தாளிகளோடு ஏரிப் பக்கம் இருந்தான். இரட்டைச்சுழிக்குச் சோறு ஊட்டியது லீம்தான்.

“நாளைக்குச் சொல்றேங்க்கா” என்றான் கியெம்.

விடிந்ததும் புறப்பட்டார்கள். சைக்கிள்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நடை. பாதி மலை வரைக்கும் வெறும் சேறும் ஈரமும்தான். மூங்கில் காடு தாண்டியதும் லோவான் அலறினாள். ஒவ்வொரு மூங்கில் இலைக்கும் கண்ணாடி உறை போட்டது போலிருந்தது. புல்லை மிதித்தால் நொறுங்கியது. தொப்பியைக் கழற்றிக் கிளையை உலுக்கினாள், சலசலவென்று கொட்டியது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இனிக்கல” என்றாள்.

“பின்ன என்ன, சர்பத்தா?” என்றார் ஊத் அண்ணன். தானும் ஒரு துண்டு எடுத்துச் சப்பினார்.

“போலாங்க்கா” என்றான் கியெம்.

பத்தடி நடந்தால் ஒரு படம். காய்ந்த பூ ஒன்று பனிக்குள் அப்படியே நின்றது; அதற்கு நாலு படம். கைகாட்டிப் பலகையில் ஐஸ் தாடி தொங்கியது, அதற்கு எட்டு. “போலாங்க்கா, மேல இன்னும் நல்லா இருக்கும்” என்றான். மேலே நன்றாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் அவசரப்படுத்தினான். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பது இதுதான். ஆனால் இந்தப் பூனைகள் மேல் கோபப்படவும் அவனால் முடியவில்லை. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம், அவர்கள் ஊரில் எருமை இல்லை.

ஒரு திருப்பத்தில் குயென் பையைத் திறந்து சிவப்புப் பட்டு நீள அங்கியை எடுத்தாள். கல்யாணத்துக்குத் தைத்ததாம். பனியில் சிவப்பு நன்றாக எடுக்கும் என்று அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறாள். கம்பளிக் கோட்டைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, பல் தந்தியடிக்க, அங்கியோடு ஐஸ் மூங்கிலுக்கு நடுவில் போய் நின்றாள்.

“ஒரே நிமிஷம் அண்ணே!”

அந்த ஒரு நிமிஷத்துக்கு முடிவே இல்லை. இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, இலையை ஊதி. கியெமுக்குள் என்னவோ அறுந்தது.

“எம் எருமை மேல கட்டிக் கெடக்கு” என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை.

“என்னுது. சினை எருமை. நாந்தான் கட்டினேன். ஐஸுல நிக்குது. படுத்துட்டா எழுந்திரிக்காது. கொஞ்சம் வேகமாப் போவலாமா?”

லோவான் அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. “அடப்பாவி! இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?” என்று அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “ஏய் குயென், அத அவுத்து உள்ள வச்சுட்டுக் கோட்ட மாட்டு! என்னங்க, நடங்க! நடங்கன்னா!”

நடந்தார்கள். ஓடினார்கள் என்றே சொல்லலாம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். ஐஸ் பிடித்த வேரில் ஊத் அண்ணன் கால் வைத்தார், அந்தக் கால் ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். எழுந்து நிற்கப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. வலியில் உதடு வெளுத்துவிட்டது.

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றார். “தம்பி, நீ ஓடு. நாங்க மெதுவா வர்றோம்.”

“ஆமா, நீ ஓடு. ஒத்த வழிதானே?” என்றாள் லோவான்.

ஒற்றை வழி இல்லை. மேலே மூன்று தடம் பிரிகிறது, ஒன்று பாறை விளிம்புக்குப் போகிறது. கியெம் சில அடி முன்னால் ஓடினான். திரும்பிப் பார்த்தபோது நான்கு பேரும் இல்லை. வெள்ளையாகப் புகை மாதிரி மூடுபனி நின்றது. “தம்பி?” என்று லோவானின் குரல் மட்டும் வந்தது. அவள் நின்ற திசைக்கும் குரல் வந்த திசைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. கியெம் நின்றான். மேலே பார்த்தான். பிறகு திரும்பி இறங்கி வந்து, ஊத் அண்ணனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

“போயிருக்கலாம்ல?” என்றார் அவர்.

“பேசாம காலைத் தூக்கி வைங்கண்ணே” என்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. அது அவருக்குத் தெரியக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவரைச் சுமக்கச் சுமக்க, முதல்நாளே சொல்லியிருக்கலாம், இல்லை கடைசிவரை சொல்லாமலே இருந்திருக்கலாம், இரண்டும்கெட்ட நேரத்தில் சொன்னோமே என்று அவனுக்கு ஆறவேயில்லை.

கணவாய்ப் புல்வெளிக்கு வந்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. முதலில் புகை வாசனை வந்தது. அப்புறம் நெருப்பு தெரிந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் லீம் உட்கார்ந்திருந்தாள். முட்டிக்குக் கீழே காற்சட்டை கிழிந்து இரத்தம் உறைந்திருந்தது. பாறை வழியாகத்தான் ஏறி வந்திருக்கிறாள். அவளுக்கு எதிரே இரட்டைச்சுழி கால்களை மடித்துப் படுத்திருந்தது. அதன் முதுகில், அவர்களுடைய கல்யாணத்துக்கு லீமின் வீட்டார் கொடுத்த பூப்போட்ட மெத்தைப் போர்வை.

“அய்யோ, எவ்ளோ அழகு, போர்வை எல்லாம் போத்தி…” என்று ஆரம்பித்த குயென் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

கியெம் மரத்தைப் பார்த்தான். கயிற்றின் முனை மரத்தில் இருந்தது. மறுமுனை அவிழ்ந்து தரையில் கிடந்தது. புல்வெளி முழுவதும் புல் அப்படியே நின்றது, தொடாமல். ஊர்ப் பக்கச் சரிவில், கயிறு எட்டும் கடைசி இடத்தில் மட்டும், மிதித்து மிதித்துச் சேறாகி, சேறு உறைந்து கல்லாகியிருந்தது. அங்கேயே நின்று இழுத்திருக்கிறது. மூக்கணாங்கயிறு போன இடம் கிழிந்திருந்தது.

“நான் வந்தப்ப நின்னுட்டுதான் இருந்தா” என்றாள் லீம். அவனைப் பார்க்கவில்லை. “கயித்த அவுத்தேன். ரெண்டு அடி வச்சா. வச்சுட்டுப் படுத்துட்டா.”

எல்லோரும் சேர்ந்தார்கள். இரண்டு மூங்கிலை வெட்டி வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இந்தப் பக்கம் கியெமும் லீமும், அந்தப் பக்கம் லோவானும் இளசுகளும் தூக்கினார்கள். நிற்க முடியாத ஊத் அண்ணன் உட்கார்ந்தபடியே வாலைப் பிடித்து மேலே தூக்கினார். லோவானின் காலணி சறுக்கி அவள் முழங்காலிட்டு விழுந்தாள், எழுந்து மறுபடி தோளைக் கொடுத்தாள். “எழுந்திரும்மா. எழுந்திரு கண்ணு. வீட்டுக்குப் போலாம்.” ஒரு முறை முன்கால் இரண்டும் ஊன்றின. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பின்கால் வரவில்லை. மெதுவாகச் சரிந்தது. மறுபடி தூக்கினார்கள். மறுபடி சரிந்தது.

இஞ்சி இடித்துச் சோளச் சாராயத்தில் கலந்து வாயில் ஊற்றினாள் லீம். கடைவாய் வழியாக வழிந்தது. லோவான் தன் இறகுக் கோட்டைக் கழற்றி அதன் கழுத்தில் சுற்றினாள். குயென் பையிலிருந்து சிவப்பு அங்கியை எடுத்து எருமையின் காதுகளுக்குமேல் கட்டினாள். மற்ற நாளாக இருந்தால் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

“கன்னுக்குட்டிய மட்டுமாச்சும் காப்பாத்த முடியாதா அண்ணே?” என்றாள் குயென்.

“மாசம் ஆவலம்மா” என்றான் கியெம்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. நெருப்பில் போட ஈர விறகுதான் இருந்தது. எரிந்ததைவிடப் புகைந்தது அதிகம். எருமையின் மூச்சு மூக்கின் முன்னால் வெள்ளையாக வந்தது. முதலில் நீளமாக வந்தது, பிறகு சின்னச் சின்னதாக. இத்தனை பெரிய உடம்பு, இத்தனை பேர், ஆறு பேருடைய பன்னிரண்டு கைகள், ஒன்றுக்கும் உதவவில்லை.

லோவான் அக்கா அவன் பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. “தம்பி, அந்த உசுரக் கூப்பிடற பாட்டு இருக்குல்ல, நீ சொன்னியே. அதச் சொல்லேன். சொல்லிப் பாரேன்.” கேலி இல்லை. பொழுதுபோக்கு இல்லை. வேறொன்றும் தெரியாமல்தான் கேட்டாள்.

கியெம் எருமையின் தலைப்பக்கம் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். வந்தது அவன் குரல் இல்லை, வழிகாட்டியின் குரல். விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ராகம், நடுவில் கைதட்டலுக்கு விடும் இடைவெளி, தலையாட்டல், எல்லாமே அப்படியே வந்தன.

“மலை மேல மேஞ்சாலும் வா, ஓடையில படுத்தாலும் வா… ஏரக் கீழ போட்டாச்சு, தடியக் கீழ போட்டாச்சு…”

லீம் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவனுக்கே கேட்டது அந்தக் குரல். வெட்கத்தில் உடம்பு கூசிற்று. நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமி, தன் குரலைத் தேடி எடுத்து மறுபடி ஆரம்பித்தான். மலை மேல் மேய்ந்தாலும் வா. ஓடையில் படுத்தாலும் வா. ஏரைக் கீழே போட்டாச்சு, தடியைக் கீழே போட்டாச்சு. அடுத்த அடி அவனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். கயிறு அவிழ்த்தாச்சு, வீட்டுக்கு வா. அந்த அடியில் வந்து அவன் நின்றுவிட்டான்.

“நகரு” என்றாள் லீம். “அத நான் சொல்றேன். அவுத்தவ நாந்தானே.”

அவள் குனிந்து சிவப்புப் பட்டை விலக்கி, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். “கயிறு அவுத்தாச்சுடி. வீட்டுக்கு வா” என்றாள். ராகமெல்லாம் இல்லை. மாலையில் வாசலில் நின்று கூப்பிடுவது போலவே சொன்னாள்.

காது ஒரு முறை அசைந்தது. அதற்கப்புறம் மூக்கின் முன்னால் வெள்ளை மூச்சு வரவில்லை.

ஊத் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். லீம் காதுக்குப் பக்கத்திலிருந்து எழவேயில்லை. கியெம் போர்வைக்குக் கீழே கையை விட்டு, எருமையின் வயிற்றில் வைத்திருந்தான். அங்கே இன்னும் சூடு இருந்தது. உள்ளே கன்று உதைத்தது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி உதைத்தது.

அவன் கையை எடுக்கவில்லை.